என்.எஃப்.எல். ஆனர்ஸ்: ஓட்டு யார் போடுறாங்க, எப்படி எண்ணுறாங்க? (விவாத இழை)

#1 நாலாம்டவுன்

ஒவ்வொரு பிப்ரவரியும் என்.எஃப்.எல். ஆனர்ஸ், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கோட வருடாந்திர விருது விழா, முடிஞ்ச கையோட அதே சண்டை. யார் ஜெயிச்சிருக்கணும்னு பேச வேற இழைகள் இருக்கு. இது ஓட்டு முறைக்கு மட்டும்: யார் போடுறாங்க, எப்போ போடுறாங்க, எப்படி எண்ணுறாங்க, எங்கே இடிக்குது.

அடிப்படையைப் போட்டுடறேன். விழா 2012-ல இண்டியானாபொலிஸ்ல தொடங்குச்சு. 2021 வரைக்கும் சூப்பர் பவுலுக்கு (லீக்கோட இறுதிப்போட்டி) முந்தின நாள் ராத்திரி நடந்தது. 2022-லேர்ந்து அந்த வாரத்து வியாழக்கிழமை.

மேடையில கொடுக்கிற விருதெல்லாம் ஒரே இடத்துலேர்ந்து வர்றதில்லை. எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க வீரர்), ஆண்டின் அஃபென்ஸ் (தாக்கும் பக்கம்) வீரர், டிஃபென்ஸ் (தடுக்கும் பக்கம்) வீரர், ரெண்டு புதுமுக வீரர் விருது, கம்பேக் (மீண்டு வந்த) வீரர், தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர் ஆகிய எட்டும் அசோசியேட்டட் பிரஸ், அதாவது ஏ.பி. செய்தி நிறுவனத்தோடது. லீக் மேடை போட்டுக் கொடுக்குது, அவ்வளவுதான். ஓட்டுப் போடுறவங்க 50 பேர், எல்லாரும் இந்த ஆட்டத்தை முழுநேரமா கவனிக்கிற ஊடக ஆட்கள். சமூக சேவையையும் பார்க்கிற வால்டர் பேட்டன் விருது லீக்கோட சொந்த விருது. ஹால் ஆஃப் ஃபேம் (ஆட்டத்தோட சாதனையாளர்களுக்கான கௌரவம்) பட்டியல் ஒஹாயோ மாநிலம் கேன்டன்ல இருக்கிற அமைப்போட தேர்வுக்குழு முடிவு. விளையாட்டு நேர்மைக்கான ஆர்ட் ரூனி விருதுக்கு வீரர்களே ஓட்டுப் போடுறாங்க. டீக்கன் ஜோன்ஸ் விருதுக்கு ஓட்டே கிடையாது, சீசன்ல அதிக சாக் (பந்தை எறியுற குவார்ட்டர்பேக்கை அவர் எறியறதுக்கு முன்னாடியே வீழ்த்தறது) எடுத்தவருக்கு நேராப் போயிடும்.

"லீக் வேணும்னே இவனுக்குக் கொடுத்துச்சு"ன்னு எழுதறதுக்கு முன்னாடி அது யாரோட விருதுன்னு ஒரு தடவை பாருங்க.

#2 ரெட்ஜோன்ராஜி

தேதியை இன்னும் அழுத்திச் சொல்லணும். வழக்கமான சீசனோட கடைசியான 18-வது வாரம் முடிஞ்சதும், பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) தொடங்குறதுக்கு முன்னாடியே வாக்குச்சீட்டு போயாகணும். விழாவில உறை பிரிக்கும்போது அந்த ஓட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் வயசு. அதனால "பிளேஆஃப்ல தோத்தவனுக்கா எம்.வி.பி.?"ங்கிற கேள்விக்கே இடமில்லை.

2019 சீசன்ல லமார் ஜாக்சன் எம்.வி.பி.க்கு 50-க்கு 50 ஓட்டு வாங்கினார். அவரோட பால்டிமோர் அணி 14-2ன்னு (14 வெற்றி, 2 தோல்வி) சீசனை முடிச்சு, பிளேஆஃப்ல ஆடின முதல் ஆட்டத்திலேயே டென்னஸியிடம் தோத்தது. அந்தத் தோல்வி நடக்கும்போது ஓட்டெல்லாம் ஏற்கனவே பெட்டிக்குள்ளே. 1999-ல கர்ட் வார்னருக்கு அப்புறம், எம்.வி.பி. வாங்கின அதே சீசன்ல சூப்பர் பவுலும் ஜெயிச்ச ஆள் 2022 சீசன்ல கான்சாஸ் சிட்டியோட பேட்ரிக் மஹோம்ஸ்தான். இடைப்பட்ட காலத்துல ஒருத்தரும் இல்லை.

வியாழக்கிழமைக்கு மாத்தின பிறகும் இறுதிப்போட்டி ஆடுற அணியிலேர்ந்து ஆட்கள் நேரில வர்றதில்லை. எம்.வி.பி. ஜெயிச்சவர் மேடையில இல்லாம, பதிவு பண்ணின காணொளி ஓடினா அதுதான் காரணம். வேற அர்த்தம் தேட வேண்டாம்.

நேரலை பார்க்கிறவங்களுக்கு: அமெரிக்கக் கிழக்கு நேரம் வியாழன் ராத்திரி 9 மணின்னா நமக்கும் இலங்கைக்கும் வெள்ளிக்கிழமை காலை 7.30, சிங்கப்பூர்ல காலை 10. ரெண்டு மணி நேர நிகழ்ச்சி.

#3 கணக்குப்பிள்ளை

எண்ணும் முறைக்கு வர்றேன்.

2021 சீசன் வரைக்கும் ஆளுக்கு ஒரு பேர் எழுதணும், அதிகப் பேர் எழுதினவர் ஜெயிப்பார். அந்த வருஷ எம்.வி.பி. கணக்கு ரோட்ஜர்ஸ் 39, பிரேடி 10, கூப்பர் கப் 1. இதுல ரெண்டாவது இடம்னு ஒண்ணு உண்மையில கிடையாது. பிரேடியை 39 பேரும் ரெண்டாவதா நினைச்சாங்களா, அஞ்சாவதா நினைச்சாங்களா, தெரிய வழியே இல்லை. சமநிலை வந்தா பரிசைப் பங்கு போட வேண்டியதுதான். 1997-ல ஃபாவ்ரும் பேரி சாண்டர்ஸும், 2003-ல பேட்டன் மேனிங்கும் ஸ்டீவ் மெக்நேரும் அப்படித்தான் பகிர்ந்தாங்க.

2022 சீசன்லேர்ந்து வரிசை ஓட்டு. எம்.வி.பி.க்கு அஞ்சு பேர் எழுதணும், புள்ளிகள் 10, 5, 3, 2, 1. மத்த ஏழு விருதுக்கும் மூணு பேர், புள்ளிகள் 5, 3, 1.

இந்த ரெண்டு அளவும் ஒரே மாதிரி இல்லைங்கிறதைக் கவனிங்க. எம்.வி.பி.யில முதல் இடம் ரெண்டாம் இடத்தைப் போல சரியா ரெண்டு மடங்கு. மத்ததுல 5-க்கு 3, அதாவது ரெண்டாம் இடத்துக்கு முதல் இடத்தோட 60 சதவீத மதிப்பு. பரவலா ரெண்டாவதா எழுதப்படுற ஆளுக்கு இந்தச் சின்ன அளவு ரொம்பச் சாதகம். 2023 சீசன் கம்பேக் விருது இதுக்கு நல்ல உதாரணம்.

ஜோ ஃப்ளாக்கோ: முதல் இடம் 13, ரெண்டாம் இடம் 26, மூணாம் இடம் 8. 65 + 78 + 8 = 151.
டமார் ஹாம்லின்: முதல் இடம் 21, ரெண்டாம் இடம் 7, மூணாம் இடம் 14. 105 + 21 + 14 = 140.

முதல் இட ஓட்டுல எட்டு பின்தங்கியும் ஃப்ளாக்கோ 11 புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சார்.

#4 பிளிட்ஸ்பாலா

அப்போ பழைய முறையே நல்லதுன்னுதானே ஆகுது கணக்கு சார்? 21 பேர் ஹாம்லின்தான் முதல்னு சொல்லியிருக்காங்க. 2023 ஜனவரி 2-ம் தேதி சின்சினாட்டி மைதானத்துல நெஞ்சுத் துடிப்பு நின்னு விழுந்த மனுஷன் அடுத்த சீசன்ல மறுபடி சீருடை போட்டு ஆடினார். கம்பேக்ங்கிற பேருக்கு இதைவிடப் பொருத்தமானது எது? ஃப்ளாக்கோ நவம்பர் வரைக்கும் எந்த அணியிலும் இல்லாம வீட்டுல இருந்தவர். அதிலேர்ந்து வந்தார், அவ்வளவுதான். காயமும் இல்லை, நோயும் இல்லை.

#5 கணக்குப்பிள்ளை

பாலா தம்பி, ஹாம்லினோட எண்களை மறுபடி கூட்டுங்க. 21 + 7 + 14 = 42. மொத்தச் சீட்டு 50. ஆக எட்டுச் சீட்டுல அவர் பேரே இல்லை, மூணாவதா கூட இல்லை. ஃப்ளாக்கோவுக்கு 47, விட்டது மூணே பேர்.

அந்த எட்டும் இல்லாம, அதுல நாலு பேர் ரெண்டாவதா எழுதியிருந்தாலே 12 புள்ளி. ஹாம்லின் 152-151ன்னு ஜெயிச்சிருப்பார், அதுவும் ஃப்ளாக்கோவுக்கு ஒரு புள்ளி கூடக் குறையலைன்னு வெச்சுக்கிட்டே. அவரை வீழ்த்தினது அந்த எட்டுச் சீட்டும், மூணாம் இடத்துக்கு இறக்கின 14 சீட்டும். வரிசை ஓட்டுல ஆதரவு எவ்வளவு ஆழம்னு மட்டும் பார்க்கிறதில்லை, எவ்வளவு பேர்கிட்ட இருக்குன்னும் பார்க்குது. விருதுக்கு அர்த்தமே என்னன்னு வாக்காளர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சா இப்படித்தான் முடியும்.

#6 சைட்லைன்சாந்தி

அர்த்தம் என்னங்கிறதுதான் அங்கே ஓட்டை. அதுவரைக்கும் விருதுக்குத் தெளிவான வரையறை இல்லை. சிலர் ஹாம்லின் ஆடினது அஞ்சே ஆட்டம்னு பார்த்தாங்க. ஃப்ளாக்கோ கிளீவ்லேண்டுக்காக அஞ்சு ஆட்டம் தொடங்கி நாலு ஜெயிச்சு, எறிதல்ல 1,616 யார்டும் (பந்து முன்னேறின தூரம்) 13 டச்டவுனும் (பந்தை எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோறது) எடுத்து அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். அவங்களுக்கு அது போதும். அதுக்கு முந்தின வருஷம் ஜீனோ ஸ்மித்துக்குக் கொடுத்ததும் இதே வழி: பல வருஷம் பெஞ்சுல இருந்து எழுந்தவர், காயத்திலேர்ந்து வந்தவர் இல்லை.

2024 சீசனுக்கு முன்னாடி ஏ.பி. வாக்காளர்களுக்கு வரையறையை எழுதியே கொடுத்துச்சு. நோய், உடற்காயம், அல்லது முந்தின சீசன்ல ஆட்டங்களைத் தவறவிட வெச்ச வேற சூழ்நிலை, இதைத் தாண்டி வந்த மன உறுதிக்கு விருது. நல்லா ஆடாததாலேயோ, வாய்ப்புக் கிடைக்காததாலேயோ பெஞ்சுல இருந்தவங்களுக்கு இனி இது கஷ்டம். உடனே பலன் தெரிஞ்சது. அந்த சீசன்ல ஜோ பரோ ஜெயிச்சார். 2023-ல மணிக்கட்டு காயத்தால பத்து ஆட்டத்தோட நின்னவர், திரும்பி வந்து 4,918 யார்டு, 43 டச்டவுன், ரெண்டுலயும் லீக்கிலேயே முதலிடம். ஓட்டு முறையை மாத்தாம, கேள்வியைத் தெளிவாக் கேட்டதுலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துது. இதைத்தான் மத்த விருதுகளுக்கும் செய்யணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

#7 பிளிட்ஸ்பாலா

எட்டுச் சீட்டுக் கணக்கு நான் பார்க்காத கோணம். ஆனா எம்.வி.பி.க்கு வரையறையே கிடையாதே அக்கா? அதுக்கு என்ன சொல்றீங்க?

#8 சைட்லைன்சாந்தி

அங்கேதான் 2024 சீசன் ரொம்ப முக்கியம் தம்பி. ஒரே 50 பேர்தான் எம்.வி.பி.க்கும் ஓட்டுப் போடுறாங்க, ஆல்-புரோ அணிக்கும் (ஒவ்வொரு இடத்துக்கும் சீசனோட சிறந்த வீரர்கள் பட்டியல்) ஓட்டுப் போடுறாங்க. ஆல்-புரோ முதல் அணி குவார்ட்டர்பேக்கா 30 பேர் லமாரை எழுதினாங்க, 18 பேர் பஃபலோ அணியோட ஜாஷ் ஆலனை. எம்.வி.பி. முதல் இடமோ ஆலனுக்கு 27, லமாருக்கு 23. அப்போ குறைஞ்சது ஏழு பேர் "சிறந்த குவார்ட்டர்பேக் லமார், ஆனா எம்.வி.பி. அவர் இல்லை"ன்னு ஒரே நேரத்துல சொல்லியிருக்காங்க.

முரண்பாடுன்னு பலர் திட்டினாங்க. எனக்கு அப்படித் தோணலை. லமார் 4,172 யார்டு, 41 டச்டவுன், நாலே இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்சுக்கிட்ட எறிதல்), கூடவே ஓடி 915 யார்டு. எண்களை மட்டும் வெச்சா அவர்தான். ஆலன் 3,731 யார்டு, 28 டச்டவுன், ஓடி இன்னும் 12. ஆனா முக்கிய ரிசீவர் (எறிஞ்ச பந்தைப் பிடிக்கிறவர்) ஸ்டெஃபான் டிக்ஸ் போன பிறகு ஆயிரம் யார்டு தொட்ட ஒரு ரிசீவர்கூட இல்லாத அணியை 13-4க்குக் கொண்டுவந்தார். "சிறந்தவர்" வேற, "அணிக்கு அதிக மதிப்புள்ளவர்" வேறன்னு நினைக்கிற வாக்காளருக்கு இது நேர்மையான ஓட்டு. ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்களுக்கு அநியாயம். எது சரின்னு ஏ.பி. எழுதிக் கொடுக்காத வரைக்கும் ரெண்டு பேரும் சரிதான்.

#9 கணக்குப்பிள்ளை

அந்த வருஷக் கணக்கையும் பதிவு பண்ணிடறேன், யாராவது தேடுவாங்க. ஆலன்: முதல் 27, ரெண்டாவது 22, மூணாவது 1. 270 + 110 + 3 = 383. லமார்: முதல் 23, ரெண்டாவது 26, நாலாவது 1. 230 + 130 + 2 = 362. ரெண்டு பேருமே 50 சீட்டுலயும் இருக்காங்க. இங்கே பழைய முறையா இருந்தாலும் 27-23ன்னு ஆலன்தான். முறை முடிவை மாத்தலை, ஆட்டம் எவ்வளவு நெருக்கம்னு மட்டும் இன்னும் சரியாக் காட்டுச்சு.

#10 ரன்னிங்பேக்ரசிகன்

நெருக்கம்னு ரெண்டு குவார்ட்டர்பேக்கையே பேசுறீங்க. பந்தோட ஓடுற ரன்னிங்பேக் சாக்வான் பார்க்லி அதே சீசன்ல 2,005 யார்டு ஓடினார், 2,000 தாண்டினவங்க வரலாற்றிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவருக்கு மூணாவது இடம். குவார்ட்டர்பேக் இல்லாத ஒருத்தர் கடைசியா எம்.வி.பி. வாங்கினது 2012, ஏட்ரியன் பீட்டர்சன், 2,097 யார்டு. டிஃபென்ஸ்லேர்ந்து வாங்கினவங்க ஆலன் பேஜும் (1971) லாரன்ஸ் டெய்லரும் (1986) மட்டும். 1982-ல வேலைநிறுத்தத்தால ஒன்பது ஆட்டமா சுருங்கின சீசன்ல மார்க் மோஸ்லிங்கிற கிக்கருக்கே (பந்தை உதைக்க மட்டும் வர்றவர்) கொடுத்திருக்காங்க. இப்போ யோசிச்சுப் பார்க்கவே முடியாது.

#11 நாலாம்டவுன்

ரசிகன், அதோட விளைவு ஆண்டின் அஃபென்ஸ் வீரர் விருதுல தெரியுது. அதையும் எம்.வி.பி.யையும் ஒரே ஆள் கடைசியா வாங்கினது 2018 மஹோம்ஸ். அதுக்கப்புறம் வரிசையைப் பாருங்க: மைக்கேல் தாமஸ், டெரிக் ஹென்றி, கூப்பர் கப், ஜஸ்டின் ஜெஃபர்சன், மெக்காஃப்ரி, பார்க்லி. 2019-லேர்ந்து 2024 வரைக்கும் ஒரு குவார்ட்டர்பேக் கிடையாது. எந்த விதியும் அப்படிச் சொல்லலை. வாக்காளர்களே தங்களுக்குள்ள பிரிச்சுக்கிட்டாங்க, ஒண்ணு குவார்ட்டர்பேக்குக்கு, இன்னொண்ணு பந்தோட ஓடுறவனுக்கும் பிடிக்கிறவனுக்கும்.

சாந்தி சொன்ன மாதிரி எழுத்துல வரையறை வந்தா இந்தப் பழக்கம் ஒண்ணு உறுதியாகும், இல்லை உடையும். உடையணும்ங்கிறது என் ஆசை.

#12 ரெட்ஜோன்ராஜி

டிஃபென்ஸ் பக்கம் சண்டை வேற மாதிரி. 2023-ல டி.ஜே. வாட் 19 சாக், மைல்ஸ் காரெட் 14 சாக், விருது காரெட்டுக்கு. சாக் எண்ணிக்கை மட்டும் பார்த்தா புரியாது. காரெட்டை ரெண்டு பேர் சேர்ந்து மறிக்கிறது எவ்வளவு, அப்படியும் எத்தனை தடவை உள்ளே நுழைஞ்சார்னு பார்க்கிற புள்ளிவிவரங்களை வாக்காளர்கள் இப்போ நிறையப் பயன்படுத்துறாங்க. 2024-ல இன்னும் ஒரு படி மேலே: டிரே ஹெண்ட்ரிக்சன் 17.5 சாக்கோட லீக்ல முதலிடம், விருது டென்வர் கார்னர்பேக் (எதிரணி ரிசீவரை மறிக்கிறவர்) பேட்ரிக் சர்ட்டனுக்கு. கார்னர்பேக்கோட நல்ல வேலை பெரும்பாலும் எண்ணிக்கையில வராது, ஏன்னா அவர் பக்கம் பந்தே எறிய மாட்டாங்க. அதைப் பார்த்து ஓட்டுப் போட்டது பாராட்டணும். சாக் எடுத்தவருக்கு டீக்கன் ஜோன்ஸ் விருது தனியா இருக்கவே இருக்கு.

#13 பிளிட்ஸ்பாலா

பயிற்சியாளர் விருதைப் பத்தி யாரும் சொல்லலையே. ஆண்டி ரீட் கான்சாஸ் சிட்டிக்கு வந்து மூணு சூப்பர் பவுல் ஜெயிச்சாச்சு, அங்கே ஒரு தடவைகூட இந்த விருது இல்லையாமே?

#14 நாலாம்டவுன்

ஆமா தம்பி. ஏ.பி. விருது அவருக்கு ஒரே தடவை, 2002-ல, பிலடெல்ஃபியாவில இருக்கும்போது. நியூ இங்கிலாந்துப் பயிற்சியாளரா இருந்த பெலிசிக்குக்கே மொத்தம் மூணுதான் (2003, 2007, 2010).

காரணம் ரெண்டு. ஒண்ணு, ராஜி சொன்ன தேதி: சூப்பர் பவுல் கணக்குலேயே வராது. ரெண்டாவது, வாக்காளர்கள் பார்க்கிறது எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் இருக்கிற இடைவெளியை. ஆகஸ்ட்ல ஆறு ஆட்டம் ஜெயிக்கும்னு நினைச்ச அணி பன்னிரண்டு ஜெயிச்சா பயிற்சியாளருக்குப் பேர். பன்னிரண்டு ஜெயிக்கும்னு நினைச்ச அணி பன்னிரண்டு ஜெயிச்சா "வீரர்கள் நல்லவங்க"ன்னு போயிடும். மின்னசோட்டா பயிற்சியாளர் கெவின் ஓ'கானல் 2024-ல வாங்கினது சரியா இதே அச்சு. புதுமுக குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி சீசனுக்கு முன்னாடியே காயம், பல அணி மாறி வந்த சாம் டார்னால்டை வெச்சு மின்னசோட்டா 14-3.

எண்ணிக்கையில இன்னொரு சுவாரசியம் 2023. கிளீவ்லேண்ட் பயிற்சியாளர் ஸ்டெஃபான்ஸ்கிக்கும் ஹூஸ்டன் பயிற்சியாளர் டிமெக்கோ ரையன்ஸுக்கும் ஆளுக்கு 165 புள்ளி. முதல் இட ஓட்டு 21-20. அந்த ஒரு ஓட்டுல ஸ்டெஃபான்ஸ்கி. வரிசை முறையில முதல் சமநிலை உடைப்பு முதல் இட ஓட்டுதான்னு அப்பத்தான் பலருக்குத் தெரிஞ்சது.

#15 சைட்லைன்சாந்தி

உதவிப் பயிற்சியாளர் விருது சின்னதாத் தெரியும், ஆனா அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யாருன்னு அதுல தெரியும். 2016 கைல் ஷனஹான், 2018 விக் ஃபேஞ்சியோ, 2022 டிமெக்கோ ரையன்ஸ், 2024 பென் ஜான்சன். எல்லாரும் உடனே ஒரு அணிக்குத் தலைமை ஏற்றாங்க. பெரும்பாலும் ஜனவரியிலேயே வேலை மாறிடறதால, விருது வாங்கும்போது வேற அணியோட தொப்பியில நிற்பாங்க. திரையில பழைய அணிப் பேர் வந்தா அது பிழை இல்லை.

#16 ரன்னிங்பேக்ரசிகன்

ஹால் ஆஃப் ஃபேம் அறிவிப்பும் இதே மேடையிலதானே? 2025-ல நாலே பேர். எரிக் ஆலன், ஜாரெட் ஆலன், அன்டோனியோ கேட்ஸ், ஸ்டெர்லிங் ஷார்ப். இவ்வளவு குறைவு ஏன்?

#17 கணக்குப்பிள்ளை

விதி மாத்தினதுதான் காரணம். பழைய முறையில இறுதிப் 15 பேரைப் பத்தாக்கி, அஞ்சாக்கி, அந்த அஞ்சு பேருக்கு ஆம்-இல்லை ஓட்டு. 80 சதவீதம் வேணும், ஆனா அஞ்சுக்குள்ள வந்தவங்களுக்கு அது வழக்கமா வந்துடும்.

2025 வகுப்புக்கு (அந்த வருஷம் சேர்க்கப்படுறவங்க) கடைசிக் கட்டத்துல ஏழு பேரை நிறுத்தினாங்க. ஒவ்வொரு தேர்வாளரும் அதுல அஞ்சு பேரைத் தேர்ந்தெடுக்கணும். தேர்வாளர் 49 பேர். 80 சதவீதம்னா 40 ஓட்டு. மொத்த ஓட்டு 49 × 5 = 245. ஏழு பேரும் சம தகுதின்னு ஓட்டு பரவினா ஆளுக்கு 35. ஒருத்தருமே 40-ஐத் தொட மாட்டாங்க. ஒருத்தர் உள்ளே போகணும்னா இன்னொருத்தர்கிட்டேர்ந்து எடுத்தாகணும். போட்டி எவ்வளவு தரமா இருக்கோ அவ்வளவு குறைவாத் தேறுவாங்க, இதுதான் வேதனை. குறைஞ்சது மூணு பேர்ங்கிற பாதுகாப்பு விதி இருக்கு. அந்த வருஷம் நவீன கால வீரர்கள்ல உள்ளே போனது சரியா மூணு பேர். லூக் கீக்லியும் டோரி ஹோல்ட்டும் வினடியேரியும் வெளியே நின்னாங்க.

மூத்த வீரர்கள், பயிற்சியாளர், பங்களிப்பாளர் பிரிவு இன்னும் இறுக்கம். அஞ்சு பேரை ஒரே பட்டியல்ல போட்டு மூணு பேரை எழுதச் சொல்றாங்க. 49 × 3 = 147, சமமாப் பிரிச்சா ஆளுக்கு 30-க்கும் கீழே. ஷார்ப் மட்டும் தாண்டினார், மைக் ஹோம்கிரன் மாதிரி பயிற்சியாளர் தாண்டலை. பயிற்சியாளரையும் அறுபதுகள்ல ஆடின வீரரையும் ஒரே சீட்டுல மோத விடறது சரியில்லை. தனித்தனியா ஆம்-இல்லை ஓட்டு வைக்கலாம்.

#18 ரெட்ஜோன்ராஜி

வால்டர் பேட்டன் விருதையும் சேர்த்துக்கங்க. 1970-லேர்ந்து இருக்கு, முதல்ல வாங்கினவர் ஜானி யூனிடஸ். 1999-ல பேட்டன் இறந்த பிறகு அவர் பேர் வந்தது. 32 அணியும் ஆளுக்கு ஒரு வீரரை முன்மொழியணும். மைதானத்துக்கு வெளியே செய்த சேவையும் ஆட்டமும் ரெண்டும் பார்க்கப்படும். ஜெயிச்சவர் அதுக்கப்புறம் தொழில்முறையில ஆடுற காலம் முழுக்க சட்டையில ஒரு சின்னம் தைச்சுக்கலாம். ஆட்டம் பார்க்கும்போது மார்புல அந்தச் சின்னத்தைக் கண்டா, இதுதான்.

#19 பிளிட்ஸ்பாலா

கடைசியா ஒரு கேள்வி. விருது ஜெயிச்சா சம்பளம் ஏறுமா?

#20 நாலாம்டவுன்

ஒப்பந்தத்துல தனியா ஊக்கத்தொகை எழுதியிருந்தா உண்டு, அது ஆளுக்கு ஆள் மாறும். ஆனா டிராஃப்ட்ல (புதுமுக வீரர் தேர்வு) முதல் சுற்றுல தேர்வான இளம் வீரரோட அஞ்சாவது வருஷச் சம்பளத்துக்கு ஏ.பி. விருது எதுவும் கணக்கில்லை. அங்கே எண்ணுறது புரோ பவுல், அதாவது நட்சத்திர வீரர்கள் ஆட்டத்துக்கான தேர்வு. முதல் மூணு சீசன்ல ரெண்டு தடவை தேர்வானா ஃப்ரான்சைஸ் டேக் அளவு சம்பளம் (அதே இடத்துல ஆடுறவங்களோட உச்சச் சம்பளங்களை வெச்சுக் கணக்கிடறது), ஒரு தடவைன்னா அதைவிடக் குறைஞ்ச டிரான்சிஷன் டேக் அளவு. வேற யாராவது விலகி மாற்றா உள்ளே போறது கணக்கில்லை, முதல் பட்டியல்லேயே பேர் இருக்கணும். புரோ பவுல் ஓட்டோ ரசிகர்கள், வீரர்கள், பயிற்சியாளர்கள் ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. இந்தக் கணக்குல நிபுணர்கள் 50 பேர் தர்ற கௌரவத்துக்குப் பணமில்லை, ரசிகர் ஓட்டுக்குப் பணம் உண்டு. வீரர் சங்கமும் லீக்கும் அடுத்த ஒப்பந்தத்துல இதைச் சரி பண்ணணும்.

#21 சைட்லைன்சாந்தி

அதோட அஃபென்சிவ் லைன் ஆட்களையும் (குவார்ட்டர்பேக்குக்குப் பாதுகாப்பா முன்வரிசையில நிற்கிறவங்க) சொல்லுங்க அண்ணா. ஆண்டின் அஃபென்ஸ் வீரர் விருது ஒரு லைன்மேனுக்கு இதுவரைக்கும் போனதே இல்லை. அவங்களுக்கு யார்டும் கிடையாது, டச்டவுனும் கிடையாது, சீட்டுல எழுத வாக்காளருக்குக் கையில எண்ணே இல்லை. 2025 சீசனுக்கு லீக் தனியா புரொடெக்டர் விருது கொண்டுவந்து, தேர்வை முன்னாள் லைன்மேன்கள் குழுகிட்டயே கொடுத்திருக்கு. வரிசையோட இடது ஓரத்துல நிற்கிற லெஃப்ட் டேக்கிள் காலை எப்படி வெச்சான், ஸ்டண்ட் (எதிரணி ஆட்கள் இடம் மாத்தி நுழையறது) வரும்போது பக்கத்துல நிற்கிற கார்டுக்குக் கை மாத்தி விட்டானாங்கிறதை அந்த இடத்துல நின்னவங்கதான் பார்த்துச் சொல்ல முடியும். கார்னர்பேக் பக்கமும் சேஃப்டி பக்கமும் இதே மாதிரி ஒரு குழு வேணும்.